எத்தனை நாள் தவணை?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று சொல்லி வைத்த நம் முன்னோர், வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதை ஏன் விட்டுவிட்டார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அவர்கள் காலத்தில் அயலூருக்குப் பிழைக்கப் போனவர்கள் குறைவு போலும். இந்த மலரைக் கையில் எடுக்கும் அன்பர்களோ ஏறத்தாழ அனைவரும் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். விடுபட்டுப்போன அந்த மூன்றாவது பழமொழியின் பொருள் உங்களுக்கு விளக்காமலே விளங்கும்.

1984-ஆம் ஆண்டு ஆனி மாதம், பழனியிலிருந்து பாலக்காட்டுக்கு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்திருந்த வேளை. மனைவி, ஐந்து வயது மகள், அம்மா, நான் என நால்வர் குடும்பம். அலுவலகத்தில் சேர்ந்து ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுதும் வீடு தேடுவது என்று முடிவு செய்தேன். வீடு அமைந்தபின் குடும்பத்தை அழைத்துக்கொள்வதே என் திட்டம். ஆனால் இரண்டாவது வாரமே அம்மா டவுன் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிட்டார். ஒரு கையில் துணிப்பை, மறுகையில் பச்சை வண்ணம் உரிந்த தகரப் பெட்டி. "வீடு நான் பார்க்கணும்" என்றார். அதற்குமேல் அவர் காரணம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

காரணம் எனக்கு ஓரளவு தெரியும். அம்மா பிறந்தது இன்று இடுக்கி மாவட்டத்தில் அடங்கிய பீர்மேட்டு மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்துக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஓர் அடுப்பங்கரை, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம். பாட்டனார் கங்காணி அழைத்துப் போய் மலையேறியவர். அவருக்கு உடல் தளர்ந்தபோது பேரேட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். பெயர் போனால் லயமும் போயிற்று என்பதே தோட்டத்துச் சட்டம். எட்டு நாள் தவணை கொடுத்தார்களாம். பதினெட்டு வயதில் அம்மா அந்தத் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து குமுளி வழியாக இறங்கினார். கம்பத்தில் யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுத்த மாட்டுக் கொட்டகையில் ஆறு மாதம் இருந்தார்கள். அதன்பின் பழனியில் உறவினர் வீடு, பிறகு திருமணம்.

லயத்தைப் பற்றி இதைப் படிக்கும் இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக உழைத்தும், வேலையோடு வந்து வேலையோடு போகிற வீடு அது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தபோது 70 பேர் மாண்டனர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தொலைக்காட்சியில் அந்த மண்மேட்டைக் கண்ட இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அதைக் காண அம்மா உயிரோடில்லை என்பது ஓர் ஆறுதலாகவே இருந்தது.

ஆகவே அம்மா வீடு பார்க்கக் கிளம்பியபோது கிணற்றையோ கிழக்கு வாசலையோ பார்க்க வரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலி பண்ணச் சொன்னா எத்தனை நாள் தவணை கொடுப்பீங்க?" குடியேறுமுன்பே காலி செய்வதைப் பேசுகிற அம்மையாரைக் கண்டு வீட்டுக்காரர்கள் திகைத்தார்கள். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பாலக்காட்டை ஓர் ஊர் என்று சொல்வது வசதிக்காகத்தான். உண்மையில் அது அடுத்தடுத்து இருக்கிற பத்துப் பன்னிரண்டு ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கும் கணவாயின் நடுவே அது அமர்ந்திருக்கிறது. அந்த வாய் வழியாகக் காற்று வந்தது, படை வந்தது, நெசவாளரும் வணிகரும் வேதம் ஓதியவரும் குதிரை விற்றவரும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தெருவாக அமர்ந்தார்கள். 1956 நவம்பர் 1 வரையில் இது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அடுத்திருக்கும் சித்தூரோ கொச்சி அரசின் பகுதியாக இருந்தது. தெருவுக்குத் தெரு பேச்சு மாறுவதில் வியப்பென்ன!

முதலில் ஒலவக்கோட்டுக்குப் போனோம். ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம் ஆதலால் திருச்சி, மதுரை, விழுப்புரம் என்று எல்லா ஊர்த் தமிழும் அங்கே கேட்கும். குடியிருப்பு வரிசைகளைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். ஒரே அளவு, ஒரே நிறம், கதவில் எண். ரயில்வே ஊழியருக்கு மட்டுமே அவை என்று நான் விளக்க வாயெடுத்தேன். "தெரியுது. இதுவும் லயம்தான், கொஞ்சம் பெருசு" என்று சொல்லித் திரும்பி நடந்தார். அப்பகுதியில் தனியார் வீடுகளும் இருந்தன. அம்மா பார்க்கவே இசையவில்லை.

அடுத்த ஞாயிறு கல்பாத்தி. ஆற்றங்கரையில் விசாலாட்சி சமேத விசுவநாதர் கோவில். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று சொல்வார்கள். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என நான்கு கிராமங்கள் அடுத்தடுத்து. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணறு என்று ரயில் பெட்டிகளைப்போல் பின்னோக்கி நீளும். லட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து இக்கோவிலை நிறுவியதாகத் தலவரலாறு கூறும். கல்வெட்டு கூறும் காலம் 1425 என்பர். தேர்முட்டியில் நின்று இதை அம்மாவுக்குச் சொன்னேன். "அவ கல்லைச் சுமந்துக்கிட்டு வந்தா, நான் பெட்டியைச் சுமந்துக்கிட்டு வந்தேன்" என்றார்.

ஒரு திண்ணையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி, "வாங்கோ, உக்காருங்கோ, வெயில்லே அலையறேளே" என்று அழைத்து மோர் கொடுத்தார். மொளகூட்டலுக்குத் தேங்காய் எவ்வளவு வேண்டும், இடிச்சக்கையை எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும் என்று இரு கிழவிகளும் அரைமணி நேரம் பேசினார்கள். அவர் சக்கை என்பார், அம்மா பலா என்பார்; பொருளில் குறைவில்லை. பாலக்காட்டுத் தமிழ் தமிழே அல்ல என்று கேலி பேசும் நம்மவர்களைப் பின்னாளில் சந்திக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோர் நினைவுக்கு வரும்.

ஆனால் எல்லாத் திண்ணையும் அப்படி இல்லை. நகரைச் சுற்றியுள்ள அக்கிரகாரங்களுள் ஒன்றில் — தெருவின் பெயர் வேண்டாம் — பெரியவர் ஒருவர் எங்களை நிற்க வைத்துக்கொண்டு சொந்த ஊர் எது என்று கேட்டார். அதில் எந்தத் தெரு என்று கேட்டார். குலதெய்வம் எது என்று கேட்டார். கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதை அறிந்து நான் வியர்த்தேன். இறுதியில், வீடு பம்பாயிலிருக்கும் மகளுக்காக வைத்திருப்பதாகவும் வாடகைக்கு விடும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். தூணில் வாடகை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா தன் கேள்வியைக் கேட்கவே இல்லை. தெருமுனை திரும்பியதும், "இவர் தவணையே கொடுக்கலை, பாரு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தகைய தெருக்களில் இன்று பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் மும்பையிலும் அமெரிக்காவிலும் வீடு தேடுகிறார்கள். அங்கே அவர்களை என்ன கேட்கிறார்களோ!

வடக்கந்தரை, மேலாமுறி, வலியங்காடி என்று வணிகத் தெருக்களையும் பார்த்தோம். அரிசி மூட்டை வாசனையும் வண்டிகளின் இரைச்சலும் எனக்குப் பிடித்தன. கடைக்கு மேலே மாடியில் இருந்த வீடு அம்மாவின் முழங்காலுக்கு ஆகவில்லை. ஜைனிமேட்டில் ஒரு நல்ல ஓட்டு வீடு. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 'வீணபூவு' எழுதிய இடம் அது என்று தரகர் சொல்லி வாடகையில் இருபது ரூபாய் கூட்டினார். கவிதைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கும் தரகரைத் தமிழ்நாட்டில் நான் பார்த்ததில்லை. 1766-இல் ஐதர் அலி கட்டிய கோட்டைக்கு அருகே ஒரு வீடு எல்லா வகையிலும் பொருந்தியது. விசாலமான அறைகள், எதிரே மைதானம், நடந்து போகும் தூரத்தில் அலுவலகம். வீட்டுக்காரரும் கண்ணியமானவர். அம்மா கேள்வியைக் கேட்டார். "அதொக்கெ நமுக்குப் பின்னெ நோக்காம், அம்மே" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்தேன். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாமாம்." அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அந்த வீட்டை இழந்ததற்காக அன்றிரவு அம்மாவிடம் கடுமையாகப் பேசினேன். இன்று அதை நினைத்தால் கூசுகிறது.

இதற்கிடையே மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. வீடு எப்படி இருந்தாலும் சரி, குழந்தை தமிழ் படிக்கும் பள்ளி அருகில் வேண்டும் என்பது அதன் சாரம். அதுவும் நியாயம்தானே. ஆகவே நகரைத் தாண்டிக் கிழக்கே தேடினோம். சித்தூரில் ஆற்றுக்கு சோகநாசினி என்று பெயர். எழுத்தச்சன் இறுதிக் காலத்தில் தங்கிய குருமடம் அதன் கரையில்தான். அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் உண்டு. ஆனால் அந்த ஊரில் மாசி மாதம் தோறும் கொங்கன் படை என்று ஒரு திருவிழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு மன்னனைச் சித்தூர் பகவதி வென்ற கதையைக் குதிரையும் வேடமுமாக நடத்திக் காட்டுவார்கள். நாங்களோ கொங்கு நாட்டின் விளிம்பில் பழனியிலிருந்து வந்தவர்கள்! "வருஷா வருஷம் நம்மைத் தோற்கடிக்கிற ஊரிலா குடியிருக்கிறது?" என்று நான் வேடிக்கையாகக் கேட்டேன். தரகர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகையைக் குறைத்துப் பேசலாம் என்றார்.

கொழிஞ்சாம்பாறைக்குப் போகிற வழியில் ராமசேரியில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் மண்பானை வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து வேகவைக்கும் தட்டை இட்லி அது. வந்தவர்கள் ஊரை மறந்தாலும் மாவை மறப்பதில்லை. கொழிஞ்சாம்பாறை மழை மறைவுப் பக்கம். காற்றிலேயே பொள்ளாச்சி வாசனை. கடைப் பலகை தமிழில், தேநீர்க்கடைச் செய்தித்தாள் தமிழில், பள்ளியில் பாடம் தமிழில். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தபோது, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதிப் பதில் பெறலாம் என்று அதில் இடம் வைத்தார்கள். அந்த உரிமை ஏட்டில் இருப்பதுபோல் அலுவலகத்தில் எப்போதும் கிடைப்பதில்லை என்றாலும், அவ்வூர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அம்மா பேருந்து நிலையத்தில் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டித் தாமே படித்தார். லயத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பாலக்காட்டுக்கு வந்த மூன்று வாரத்தில் அவர் படிக்க முடிந்த முதல் பலகை அது.

அங்கேயே குடியேறியிருக்கலாம். ஆனால் நாள்தோறும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய்வர வேண்டும். இரவு கணக்கு முடிக்கும் நாட்களில் கடைசி வண்டியும் கிடைக்காது. மொழி ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். சோற்றின் பக்கம் சாய்ந்தேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

நான்காவது ஞாயிறு, டவுன் ஸ்டேஷனுக்கு அருகே மஞ்சக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில் நுழைந்தோம். பாலக்காட்டு ராவுத்தர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தந்தையை 'அத்தா' என்று அழைத்து ஓடிவந்த குழந்தையைக் கண்டு அம்மா நின்றார். வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருந்த முதியவர். வீடு சிறியது. இரண்டே அறைகள், பொதுக் கிணறு, ஓட்டின்மேல் ரயில் கரி. குறைகளை அவரே முதலில் சொல்லிவிட்டார். அம்மா தன் கேள்வியைக் கேட்டார்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"என் மகன் துபாயில இருக்கான் அக்கா. அவன் திரும்பி வந்துட்டா இந்த வீடு அவனுக்கு. எப்போ வருவான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். வர்றேன்னு கடுதாசி வந்தா அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லிருவேன். அதிலேருந்து மூணு மாசம்."

"மூணு மாசமா?"

"மூணு மாசம்."

அம்மா என் பக்கம் திரும்பி, "பேசி முடிச்சிரு" என்றார்.

கோட்டைக்கு அருகே இருந்த வீட்டோடு இதை ஒப்பிட்டு நான் முணுமுணுத்தேன். அம்மா சொன்னார்: "போகச் சொல்ல மாட்டேன்னு யாரும் சொல்ல முடியாதுடா. சொல்றவன் பொய் சொல்றான். இந்த மனுஷன் நாளைச் சொல்றான்."

பதினோராண்டுகள் அந்த வீட்டில் இருந்தோம். மகள் அருகிலிருந்த மலையாளப் பள்ளியில் சேர்ந்தாள். மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மாலைதோறும் தினத்தந்தித் தலைப்புகளைக் கூட்டிப் படிக்க வைத்து அம்மாவே பேத்திக்கு எழுத்தறிவித்தார். அதனால் குழந்தைக்கு முதலில் படிக்க வந்த தமிழ்ச் சொற்களில் கொலை, கொள்ளை, கைது ஆகியவை அடங்கும். விடியற்காலையில் பொள்ளாச்சி, பழனி வழியாகப் போகும் மீட்டர் கேஜ் வண்டி புறப்படும் ஊதல் கேட்டால் அம்மா எழுந்துவிடுவார். மார்கழியில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வீசும்போது, "நம்ம ஊர்ப் பக்கத்துக் காத்து" என்று கதவைத் திறந்து வைப்பார். ஆடியில் பழனியில் வீசுகிற காற்று இங்கிருந்துதான் போகிறது என்று நான் சொன்னதை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை.

1995-இல் ஒரு நாள் மாலை, ராவுத்தர் கையில் ஒரு விமான அஞ்சல் உறையோடு வந்து நின்றார். அன்று காலைதான் கடிதம் வந்ததாம். கண்கலங்கிப் பேச முடியாமல் நின்ற அவரை அம்மாவே தேற்றி, தேநீர் கொடுத்து அனுப்பினார். மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது காலி செய்தோம். இடையில் வேறொரு வீடு. 1997-இல் சந்திரநகர்ப் பக்கம் ஐந்து சென்ட் நிலத்தில் கடன் வாங்கிச் சொந்தமாகச் சிறு வீடு கட்டினேன்.

புதுமனை புகுந்த அன்றிரவு, விருந்தினர் எல்லாரும் போனபின், அம்மா என்னை அழைத்தார். தகரப் பெட்டியை வாசற்பக்கத்துச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு அதன்மேல் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்த வீட்டுக்கு எத்தனை நாள் தவணை?"

"இது நம்ம வீடும்மா. பத்திரம் உன் பேரிலேயும் இருக்கு."

"பாங்கிக் கடன்?"

"பதினைஞ்சு வருஷம்."

"அப்போ பதினைஞ்சு வருஷம்" என்றார். கணக்கு விளங்கியவர்போல் தலையசைத்துப் படுத்துக்கொண்டார்.

2003-இல் அவர் கண்மூடும் வரை அந்தப் பெட்டி அதே சுவரை ஒட்டியே இருந்தது. அலமாரிக்குள் வைக்கலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். கடன் 2012-இல் தீர்ந்தது. இப்போது பெட்டிக்குள் மகளின் மலையாளப் பாடநூல்களும் மஞ்சளாகிப்போன தினத்தந்திகள் சிலவும் இருக்கின்றன. மகள் பெங்களூரில் பணியாற்றுகிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, அங்கே புது வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஒப்பந்தத்தில் காலி செய்யும் தவணை எவ்வளவு என்று கேட்டேன்.

"இரண்டு மாதம்தான் அப்பா. மூன்று கேட்டிருக்கிறேன்" என்றாள்.